கள்ளிச் செடிக்கும் குடை பிடிக்கிறார்கள்!
110 டிகிரி வெயிலில் வாடும் "மாமியார் நாற்காலி"

பாலைவனத்தில் முளைக்கிற கள்ளியை வெயில் என்ன செய்துவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுவும் வாடுகிறது. கருகுகிறது. செத்தும் போகிறது!

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் உள்ள நகரம், பீனிக்ஸ். சுற்றிலும் சொனோரா பாலைவனம். பல வீடுகளின் வாசலில் புல்தரை கிடையாது. சரளைக்கல்லும், கள்ளியும்தான்.

அதில் எல்லோருக்கும் பிடித்தது, தங்க நிற முள் கொண்ட பீப்பாய் கள்ளி. உருண்டையாக முக்காலி போல உட்கார்ந்திருக்கும். ஜெர்மனியில் இதற்கு "மாமியார் நாற்காலி" என்று பெயர். எந்த மருமகன் வைத்த பெயரோ!

31 நாள் அனல்

2023-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி முதல் ஜூலை 30-ந் தேதி வரை, பீனிக்சில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரிக்கு குறையாமல் வெயில் கொளுத்தியது. அதற்கு முந்தைய "ரிக்கார்டு" 1974-ல் 18 நாள்தான். பனைமரம் போல நிற்கும் சகுவாரோ கள்ளிகளே சாய்ந்து விழுந்தன.

காரணம் பகல் வெயில் மட்டும் அல்ல. ராத்திரிப் புழுக்கமும்தான். கள்ளி பகலில் துவாரங்களை மூடிக்கொள்ளும். ராத்திரி குளிர்ந்த பிறகே திறந்து காற்றை இழுக்கும். அந்த ஜூலையில் பல ராத்திரிகள் 90 டிகிரிக்கு கீழே இறங்கவே இல்லை. பாவம், கள்ளிக்கு மூச்சு முட்டிவிட்டது!

எப்படி காப்பாற்றுவது?

புதிதாக நட்ட கள்ளிக்கு முதல் கோடையில் நிழல் வலை கட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் முதலில் வெளுத்து மஞ்சளாகும். அந்த வடு பிறகு மாறாது.

வாங்கும்போதே தெற்குப் பக்கத்தில் ஒரு அடையாளம் போடுங்கள். பண்ணையில் தெற்கே பார்த்த பக்கம், தோட்டத்திலும் தெற்கே பார்க்கட்டும். வெயிலுக்கு பழகிய தோல் அதுதான்.

தண்ணீர் விட்டால் வேர் நனைய விட வேண்டும். மண் நன்றாக காய்ந்த பிறகே அடுத்த முறை. தினமும் ஊற்றினால் அடி அழுகி, ஒருநாள் பொத்தென்று சாய்ந்துவிடும்.

தூக்கும்போது கையை வைக்காதீர்கள். பழைய கம்பளத்தை சுற்றித் தூக்குங்கள்.

குடித்தால் வாந்தி

பாலைவனத்தில் வழி தவறியவன் பீப்பாய் கள்ளியை வெட்டி தண்ணீர் குடிப்பது சினிமாவில்தான். உள்ளே இருப்பது அமிலம் கலந்த சதை. தின்றால் வாந்தி வரும். உடம்பில் இருக்கிற தண்ணீரும் போய்விடும்!

தங்கக் கள்ளியின் சொந்த ஊர், மெக்சிகோ. 1990-களில் கட்டிய சிமபான் அணையில் அது வளர்ந்த மலைச்சரிவுகள் மூழ்கின. போதாததற்கு திருடர்களும் தோண்டிக்கொண்டு போனார்கள். தோட்டங்களில் ஏராளம், காட்டில் அழியும் நிலை.

ஆகவே கள்ளி வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இது விதை போட்டு வளர்த்ததா, காட்டில் பிடுங்கியதா?"