வளைவை அறுக்கும் வாள்

கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையத்தில், தி. சு. அவிநாசிலிங்கம் 1930-ல் தோற்றுவித்த ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் கட்டடத்துக்கு, 1934-ல் காந்தியடிகள் அஸ்திவாரக்கல் நாட்டினார். மூன்றாண்டு கழித்து வார்தாவில் அவர் முன்வைத்த ஆதாரக் கல்வியோ, கைத்தொழிலைப் படிப்பின் மையத்திலேயே வைத்தது. இப்படிப்பட்ட ஊரில், மாணவன் ஒருவன் தானே செய்துகொள்ளத்தக்க கருவி எது என்று என்னைக் கேட்டால், வளைவு அறுக்கும் சட்ட வாளையே சொல்வேன்.

நம் பக்கத்துத் தச்சர்கள், வண்டிச் சக்கரத்தின் வட்டையைக் கருவேலங்கட்டையிலிருந்து வாய்ச்சியால் கொத்தியே வளைத்தெடுத்தார்கள். அந்தக் கையின் லாகவம் அபூர்வமானது. ஆயினும் நாற்காலிச் சாய்மானத்துக்கு வேண்டிய மெல்லிய பலகை வாய்ச்சியைத் தாங்காது, பிளந்துவிடும். அகலமான கைவாளோ, தான் அறுத்த சந்திலேயே முதுகு இடிப்பதால் திரும்ப இயலாது. கால் அங்குல அகலத் தகடு தாராளமாகத் திரும்பும். ஆனால் சற்று அழுத்தினாலும் துவண்டுவிடும். இந்த இக்கட்டை, தகட்டைத் தடிப்பாக்காமல், இரு முனையிலும் பற்றி இழுத்து விறைக்கச் செய்தே தீர்த்துக்கொள்ளும் உபாயத்தை ரோமானியத் தச்சர்களும் அறிந்திருந்தார்கள். பஞ்சு கொட்டும் வில்லையும் அதன் நாணையும் பார்த்தவர்களுக்கு இது புதிய தத்துவமன்று.

ஏறக்குறைய ஓரடி உயரமுள்ள இரண்டு கைச்சட்டங்கள். அவற்றின் நடுவே ஒரு குறுக்குச் சட்டம். கீழ் முனைகளுக்கிடையே தகடு. மேல் முனைகளுக்கிடையே நாலைந்து சுற்றுக் கற்றாழை நார்க் கயிறு. கயிற்றின் நடுவே குச்சியொன்றைச் செருகி முறுக்கினால், மேல் முனைகள் உள்நோக்கி நெருங்க, குறுக்குச் சட்டம் ஆதாரமாக நிற்பதால் கீழ் முனைகள் வெளிநோக்கி விலகித் தகட்டை இழுக்கின்றன. குச்சியின் நுனி குறுக்குச் சட்டத்தின்மேல் சாய்ந்து நிற்பதால் முறுக்கு அவிழ்வதில்லை. வைக்கோல் பாரத்தைத் தடி செருகி இறுக்கும் வண்டிக்காரரின் யுக்திதான் இது.

குறுக்குச் சட்டத்தின் முனைகளைச் சிறு நாக்காகச் செதுக்கி, கைச்சட்டத்துத் துளைகளில் வெறுமனே செருக வேண்டும். பசையும் கூடாது, ஆணியும் கூடாது. கயிறு இறுகும்போது கைச்சட்டங்கள் அந்த மூட்டில் இம்மியளவு அசைந்தாக வேண்டும். பசை போட்டு ஒட்டிவிட்டுப் பிறகு வருந்தியவர்களுள் யானும் ஒருவன்.

மர அறுவை மில்லில் கழித்துப்போட்ட பட்டை ரம்பத்தின் குறுகிய துண்டே தகட்டுக்குப் போதும். துளையிடுமுன் அதன் முனைகளை மட்டும் செந்நிறமாகக் காய்ச்சி, மெல்ல ஆறவிட வேண்டும். இல்லையேல் துளைக்கருவிதான் மழுங்கும். கைப்பிடிகள் உருளையாக இருந்து, கைச்சட்டத் துளைகளில் சுழல வேண்டும். அப்போதுதான் சட்டம் பலகை விளிம்பில் இடிக்கும் இடங்களில், தகட்டை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு அறுக்கலாம். இரு கைப்பிடிகளையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். தவறினால் தகடு முறுகி, அறுப்பு கோட்டை விட்டு ஓடும்.

பலகையின் நடுவிலுள்ள பூவேலையை அறுக்க, முதலில் ஒரு துளையிட்டு, தகட்டின் ஒரு முனையைக் கழற்றி அதன் வழியே நுழைத்து, மறுபடி மாட்டிக்கொள்வார்கள். பொழுது சாய்ந்ததும் குச்சியை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டே வாளைச் சுவரில் மாட்டுவது வழக்கம்; ஐப்பசி மழையில் நனையும் நார்க்கயிறு தானே இறுகும் சுபாவம் உடையது.