அனகோண்டா தேசத்துக்கு ஃப்ளைட் வேண்டாம்... காஞ்சிபுரத்திலிருந்து பஸ் போதும்!

காஞ்சிபுரம் பட்டுப் புடவை ஒன்றை விரித்துப் பாருங்கள். பார்டரில் மயில் நடக்கும். முந்தியில் அன்னப்பட்சி நிற்கும். பழைய டிசைன் என்றால் யாளியும் இருதலைப் பட்சியும்கூட எட்டிப் பார்க்கும். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே ஒரு சரணாலயத்தை நெய்துவிடுகிற ஊர் இது.

ஆனால், அதே ஊரின் இளைஞர்களிடம் 'சஃபாரி போகலாமா?' என்று கேட்டால் மசாய்மாரா, அமேசான் என்று கடல் தாண்டித்தான் பேச்சு போகும். தோளில் ஒரு பை, கையில் ஒரு போன், செலவுக்குக் கொஞ்சம் பணம் என்று கிளம்பும் 'பேக்பேக்கர்' வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது. அந்த வீடியோக்களில் அடிக்கடி தலைகாட்டும் ஓர் இடம், தென் அமெரிக்காவின் 'லாஸ் யானோஸ்' புல்வெளி.

அந்தப் புல்வெளிக்கு உறவுக்கார நிலம் ஒன்று, காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது. அதன் பெயர், பள்ளிக்கூடத்து டூரில் போய்விட்டு நாம் மறந்துவிட்ட வேடந்தாங்கல்!

பாதி வருஷம் கடல், பாதி வருஷம் கட்டாந்தரை

முதலில் யானோஸுக்கு ஒரு நடை போய் வருவோம். வெனிசுலாவிலும் கொலம்பியாவிலுமாக ஒரினோகோ ஆற்றுப் படுகையில் பரந்துகிடக்கும் சமவெளி இது. தமிழ்நாட்டைவிடப் பல மடங்கு பெரியது. ஏறத்தாழ மே முதல் அக்டோபர், நவம்பர் வரை மழை கொட்டும். ஆறுகள் கரை புரண்டு, புல்வெளியின் பெரும்பகுதி தண்ணீருக்குள் போய்விடும். டிசம்பரில் வெயில் ஆரம்பித்தால் ஏப்ரல் வரை நிலம் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும்.

பயணிகள் போவது பெரும்பாலும் அந்தக் காய்ந்த மாதங்களில்தான். தண்ணீர் சுருங்கச் சுருங்க, எல்லா உயிர்களும் மிச்சமிருக்கும் குட்டைகளைச் சுற்றிக் கூடிவிடும். உலகின் மிகப்பெரிய கொறிக்கும் பிராணியான கேப்பிபாரா கும்பல் கும்பலாக மேயும். கெய்மன் முதலைகள் கரையில் வரிசைகட்டி வெயில் காயும். சேற்றுக்குள் அனகோண்டா படுத்திருக்கும். சிவப்பு அரிவாள் மூக்கன்கள் இறங்கினால் மரமே பூத்ததுபோல் இருக்கும்.

ஆண்டிஸ் மலையில் இருக்கும் மெரிடா நகரம்தான் ஒருகாலத்தில் வெனிசுலா பக்கத்து யானோஸுக்கு பேக்பேக்கர்களின் வாசல். மூன்று நாள், நான்கு நாள் டூர். ஜீப்பின் கூரைமேல் உட்கார்ந்து பயணம், தூண்டில் போட்டு பிரானா மீன் பிடிப்பது, ராத்திரி கயிற்றுத் தொட்டிலில் தூக்கம் என்று செலவும் குறைவு, கதையும் நிறைய. வெனிசுலாவின் பொருளாதாரம் சரிந்த பிறகு, பயணிகளின் பார்வை கொலம்பியா பக்கத்து கசனாரே புல்வெளிகளுக்குத் திரும்பியது.

இந்த விலங்குகளை யார் காப்பாற்றி வைத்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய சங்கதி. யானோஸ் ஆளில்லாத காடு அல்ல, மாட்டுப் பண்ணை நாடு. 'ஆத்தோ' என்று அழைக்கப்படும் பிரமாண்டமான பண்ணைகளில், 'யானேரோ' என்னும் குதிரைவீரர்கள் மாடு மேய்க்கும் பூமி. பண்ணைக்குள் வேட்டைக்கு இடம் கொடுக்காத முதலாளிகள் இருந்த இடங்களில் விலங்குகள் பிழைத்தன. கசனாரேயில் உள்ள 'ஆத்தோ லா அவுரோரா' அப்படி ஒரு பண்ணை. அங்கே மாடும் மேய்கிறது, கேப்பிபாராவும் மேய்கிறது.

தடுக்க ஆளில்லாத இடங்களில் என்ன நடந்தது? தோலுக்காகச் சுடப்பட்டதில் ஒரினோகோ முதலை அழிவின் விளிம்புக்கே போனது. 19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகளில் செருகும் இறகுகளுக்காக யானோஸின் வெள்ளைக் கொக்குகள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டன.

அந்தத் தொப்பி மோகம் தொடங்குவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, 'எங்கள் ஊர்ப் பறவையைச் சுடக் கூடாது' என்று எழுத்தில் உத்தரவு வாங்கிவிட்டது செங்கல்பட்டுச் சீமையின் ஒரு சிற்றூர்!

ஏரிக்கு ஒரு வாரியம்

அந்த ஊருக்குப் போகும் வழியே ஒரு பாடம். காஞ்சிபுரத்திலிருந்து வேடந்தாங்கலுக்கு உத்திரமேரூர் வழியாகத்தான் போக வேண்டும். குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கும் ஊர். ஓலையைக் குடத்தில் போட்டு ஆள் தேர்ந்தெடுத்தது எல்லோருக்கும் தெரியும். எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தக் குழுக்களில் ஒன்று 'ஏரி வாரியம்'. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு கமிட்டி, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே!

காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தை 'ஏரி மாவட்டம்' என்று சொல்வது சும்மா இல்லை. பெரிய ஆறு வருஷம் முழுக்க ஓடாத பூமி. வடகிழக்குப் பருவமழை ஒன்றிரண்டு மாதங்களில் கொட்டுவதைத் தேக்கி வைத்தால்தான் சாப்பாடு. மழையில் ஏரி நிரம்பும், கோடையில் தரை தெரியும். யானோஸைப் போலவே இதுவும் பாதி வருஷம் தண்ணீர், பாதி வருஷம் வெயில் என்று வாழும் நிலம்தான். அங்கே இயற்கை வெட்டிய குட்டைகள், இங்கே மனிதர்கள் வெட்டிய ஏரிகள்.

துரை போட்ட உத்தரவு

வேடந்தாங்கல் ஏரி அப்படியொன்றும் பெரிதல்ல, சுமார் 30 ஹெக்டேர்தான். உள்ளே நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீரில் கால் நனைத்தபடி நிற்கும். மழை முடிந்ததும் பறவைகள் வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். சுற்றிலும் தண்ணீர் என்பதால் பூனை, நரி பயம் குறைவு. குஞ்சுகளுக்கு அதுவே அகழி.

18-ம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து இந்தப் பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். ஊராரின் உரிமையை ஏற்று, பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-ல் அவர் எழுதிக்கொடுத்தார் என்கிறது வரலாறு. இந்தியாவின் மிகப் பழைய நீர்ப்பறவைச் சரணாலயம் என்று வேடந்தாங்கல் பெயரெடுத்த கதை இதுதான். பிளேஸ் துரையை நம் வாசகர்கள் வேறொரு கதையில் சந்தித்திருப்பார்கள். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமரும் லட்சுமணரும் காவல் நின்றதைப் பார்த்ததாகத் தலபுராணம் சொல்லும் அதே கலெக்டர்தான்!

இதெல்லாம் நடந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1800-ல், ஜெர்மானிய ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் யானோஸைக் கடந்து போனார். மின்சாரம் பாய்ச்சும் விலாங்குகளைக் கண்டு அவர் எழுதிய குறிப்புகள் உலகப் புகழ்பெற்றன. வேடந்தாங்கல் விவசாயிகளின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.

எச்சமே உரம்

சரி, ஊர்க்காரர்கள் ஏன் கலெக்டர் வரை போனார்கள்? பாசம் மட்டும் காரணமல்ல, விவசாயக் கணக்கும் இருந்தது.

பல்லாயிரம் பறவைகள் மாதக்கணக்கில் தங்கும்போது அவற்றின் எச்சம் முழுவதும் ஏரித் தண்ணீரில்தான் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. மூட்டை உரம் வருவதற்கு முன்பே இங்கே உரம் வானத்திலிருந்து இறங்கியது. போதாததற்கு, நத்தைகுத்தி நாரை நெல்வயல் நத்தைகளைப் பொறுக்கித் தின்கிறது. அதன் இரண்டு அலகுகளுக்கு நடுவே பாக்குவெட்டிபோல ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உருவாகும்.

பறவை ஏரிக்கு உரம் தந்தது, ஊர் பறவைக்குக் காவல் தந்தது. தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர் என்று ஒவ்வோர் ஐப்பசியிலும் வேடந்தாங்கல் செய்திகளில் வருவதை நாம் பார்க்கிறோம். பட்டாசு கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இதைத் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடிப்பது லேசான காரியமா என்ன?

யானோஸின் நல்ல பண்ணையும் வேடந்தாங்கல் வயலும் சொல்வது ஒன்றையேதான். மனிதர்களை வெளியேற்றித்தான் உயிர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை. அங்கே பிழைப்பு நடத்துபவர்கள், 'இதுவும் நம் வீட்டு ஜீவன்' என்று நினைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அங்கேயும் இங்கேயும் ஒரே பறவை

இந்த உறவு பேச்சுக்குச் சொல்வதல்ல. கருந்தொப்பியும் சிவந்த கண்ணுமாக, பகலெல்லாம் தூங்கி ராத்திரி இரை தேடக் கிளம்பும் வக்கா, வேடந்தாங்கலிலும் உண்டு, யானோஸிலும் உண்டு. இரண்டும் ஒரே இனம்தான்.

உண்ணிக்கொக்கின் கதை இன்னும் சுவாரஸ்யம். உத்திரமேரூர் சாலையில் எந்த மாட்டின் பின்னாலும் ஒரு வெள்ளைக் கொக்கு நடந்துபோவதைப் பார்க்கலாம். இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று, 19-ம் நூற்றாண்டில் யார் உதவியும் இல்லாமல் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தென் அமெரிக்காவுக்குக் குடிபோனது. இன்று யானேரோக்களின் மாடுகளுக்குப் பின்னால் அதுதான் நடக்கிறது. பாஸ்போர்ட் இல்லாத நிஜ பேக்பேக்கர்!

சாயங்காலம் நாலு மணி

வேடந்தாங்கலில் பலரும் செய்யும் தவறு, உச்சி வெயிலில் போய் 'ஒண்ணுமே இல்லையே' என்று திரும்புவது. தாய்ப் பறவையும் தந்தைப் பறவையும் காலையிலேயே இரைக்குப் போய்விடும். நாலு மணிக்குமேல் கரையில் நின்று பாருங்கள். கிழக்கிலும் மேற்கிலும் இருந்து கோடு கோடாக வரும். கூழைக்கடா ஏரோபிளேன் மாதிரி இறங்கும். மஞ்சள்மூக்கு நாரை காலை நீட்டி கிளைமேல் தடுமாறி நிற்கும். கரண்டிவாயனும் வெள்ளை அரிவாள் மூக்கனும் இடத்துக்குச் சண்டை போடும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி வேடிக்கை காட்டும். குஞ்சுகளின் கூச்சல் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருக்கும்.

அந்தப் பறவைகள் எங்கே போய்விட்டு வருகின்றன? இங்கேதான் கவலை தொடங்குகிறது. 30 ஹெக்டேர் ஏரி அத்தனை வயிற்றுக்கும் போதாது. சுற்றியுள்ள ஏரிகள், குட்டைகள், நெல்வயல்கள்தான் அவற்றின் சமையலறை. அதனால்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான பகுதியையும் சேர்த்துச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2020-ல் அந்த எல்லையைச் சுருக்கும் யோசனை வந்தபோது ஊர் மக்களிலிருந்து சூழலியலாளர்கள் வரை பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்தில் உள்ள கரிக்கிலியும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

பட்டம் கிடைத்தால் மட்டும் ஏரி நிரம்பிவிடாது. மழை பொய்த்த ஆண்டுகளில் பறவைகள் வருவது வெகுவாகக் குறைந்துவிடும். மழை பெய்தாலும் வரத்துக்கால்வாய் தூர்ந்திருந்தால் தண்ணீர் வந்து சேராது. வயல் மனையாக மாறினாலும், பூச்சிமருந்து கூடினாலும் மஞ்சள்மூக்கு நாரைக்கு மீனும் தவளையும் இருக்காது. கூடு மட்டும் பத்திரமாக இருந்து என்ன பயன்? உத்திரமேரூர்க்காரர்கள் ஏரிக்கு வாரியம் வைத்த காரணம் இப்போது புரிகிறதா?

கிளம்பும் முன்...

நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். டிசம்பர், ஜனவரி உச்சம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்கு பஸ் ஏறி, அங்கிருந்து வேடந்தாங்கலுக்கு மாறிக்கொள்ளலாம். சென்னைவாசிகளுக்கு மதுராந்தகம் பக்கமாக வருவது வசதி.

காலையில் உத்திரமேரூரில் கல்வெட்டு, மதியத்துக்குமேல் கரிக்கிலி, மாலையில் வேடந்தாங்கல் என்று போட்டுக்கொண்டால் ஒரு நாள் சரியாக இருக்கும். கரிக்கிலியில் கூட்டம் குறைவு. வாத்துகளையும் உள்ளான்களையும் நிதானமாகப் பார்க்கலாம்.

பைனாகுலர் ஒன்று கட்டாயம். தண்ணீர், தொப்பி, மங்கிய நிற உடை போதும். பாட்டு வைக்காதீர்கள், கல் எறியாதீர்கள், பிளாஸ்டிக் கவரைக் கரையில் விடாதீர்கள். அரை மணி நேரம் பிள்ளைகளைப் பேசாமல் நிற்கப் பழக்கிக்கொண்டு போங்கள். அதுவே பெரிய அட்வென்சர்தான்!

கையில் காசு சேர்ந்தால் யானோஸுக்கும் ஒருநாள் போகலாம், தப்பே இல்லை. அங்கே கயிற்றுத் தொட்டிலில் படுத்திருக்கும்போது தலைக்குமேலே ஒரு வக்கா கத்திக்கொண்டு போகும். 'இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே' என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். அதற்கு முதலில் வேடந்தாங்கலுக்கு பஸ் ஏறுங்கள்.