பெரிய எஞ்சினுக்குப் பிரீமியம் பெட்ரோல்தான் போட வேண்டுமா?

எஞ்சின் பெரியது என்பதற்காக உயர் ஆக்டேன் பெட்ரோல் தேவைப்படுவதில்லை. சிலிண்டருக்குள் கலவை எவ்வளவு இறுக்கி அழுத்தப்படுகிறது என்பதுதான் கணக்கு. அமெரிக்காவின் ஜிஎம்சி யூகான் வண்டியையே பாருங்கள். அதன் 5.3 லிட்டர் வி8 எஞ்சின் பெரியதுதான், ஆனாலும் அதற்குச் சாதாரண 87 ஆக்டேன் போதும். 6.2 லிட்டர் எஞ்சினுக்கோ பிரீமியம் பரிந்துரைக்கப்படுகிறது, கட்டாயம் இல்லை. அமெரிக்கர்கள் ஆக்டேனைக் கணக்கிடும் முறை வேறு. அங்கே 87 என்றால் இந்தியக் கணக்கில் ஏறத்தாழ 91.

காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை அழுத்த அழுத்தச் சூடேறும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், ஓரத்தில் எரியாமல் மிஞ்சியிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிட்டால் எஞ்சினுக்குள் ‘டக டக’ என்று தட்டும். இதுதான் நாக்கிங். முற்றினால் பிஸ்டனே சேதமாகும். இந்த முந்திரிக்கொட்டை வெடிப்பைத் தாங்கும் திறனைத்தான் ஆக்டேன் எண் சொல்கிறது. அது பெட்ரோலின் சக்தியைக் காட்டும் எண் அல்ல.

இன்றைய எஞ்சின்களில் நாக் சென்சார் உண்டு. நாக்கிங்கின் அதிர்வை அது உணர்ந்ததும், கணினி தீப்பொறியைச் சற்றுத் தாமதமாக விடும். எஞ்சின் தப்பிக்கும், இழுவை குறையும், மைலேஜும் குறையும். எவ்வளவு? பிரீமியம் பரிந்துரைக்கப்பட்ட வண்டிகளை அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2017இல் சோதித்தது. பிரீமியத்தால் சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும் மட்டுமே கூடின. விலை வித்தியாசமோ அதைவிடப் பல மடங்கு.

கையேட்டில் ‘கட்டாயம்’ என்றிருந்தால் மறுபேச்சு வேண்டாம். ‘பரிந்துரை’ என்றால், அன்றாட ஓட்டத்துக்குச் சாதாரண பெட்ரோலே போதும் என்பேன். கோடை வெயிலில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலையேறும் நாளில் பிரீமியம் போடுங்கள்.