ஆம்ப் வாங்கும் முன் ஃபியூஸைக் கேளுங்கள்

காரோடு கம்பெனி போட்டுத் தரும் ஸ்பீக்கர் பலருக்குப் பிடிப்பதில்லை. தவில் அடி அட்டைப்பெட்டியைத் தட்டியது போலக் கேட்கிறது. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரைத் தேட வேண்டியிருக்கிறது. மாற்ற வேண்டும் என்ற ஆசையில் ஒரு தவறும் இல்லை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, மற்ற ஊர்களில் பைபாஸ் ஓரத்துக் கார் டெகார் கடைகள் என்று தேடிப் போய், ஸ்டீரியோ, ஆம்ப், ஊஃபர் என்று பல ஆயிரங்களைச் செலவழிக்கிறோம். அந்தப் பணம் பெரும்பாலும் கண்ணில் படும் பொருளுக்கே போகிறது. ஆபத்து இருப்பது ஃப்ளோர் மேட்டுக்கு அடியில் ஓடும் ஒயரில். அது பிரச்சினையானால் கைகொடுப்பது ஒரு பில். கடையில் பேரம் பேசும்போது இந்த இரண்டும் பேச்சிலேயே வருவதில்லை.

முதலில் வாட்ஸ் கணக்கு. அட்டையில் '3000 வாட்ஸ்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது கண நேர உச்ச அளவு. பல மலிவு பொருட்களில் வெறும் விற்பனை எண். கேட்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. கடையிலேயே சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஆம்பின் ஓரத்தில் செருகியிருக்கும் ஃபியூஸில் எண் போட்டிருக்கும். 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், வண்டி ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட்டோடு பெருக்கினால் 420 வாட்ஸ். அதுதான் ஆம்ப் தொடர்ந்து உள்ளே இழுக்கக்கூடிய அளவு. இழுப்பதைவிடக் குறைவாகத்தான் எந்த ஆம்பும் வெளியே கொடுக்கும். 3000 எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடமே கேளுங்கள்.

வாட்ஸைக் கூட்டிக்கொண்டே போவதிலும் பெரிய பலன் இல்லை. 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்குச் சற்றே உயர்ந்தது போலத் தெரியும். சத்தம் இரண்டு மடங்கானதாகக் காது உணர ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். என்னைக் கேட்டால், முதல் செலவு முன்கதவு ஸ்பீக்கர்களுக்கும் கதவுத் தகட்டின் அதிர்வை அடக்கும் டாம்பிங்குக்கும். ஊஃபர் அதன் பிறகுதான். டாம்பிங் ஒட்டும்போது கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை அடைத்துவிடக் கூடாது. உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் தகடு துருப்பிடிக்கும்.

இனி ஒயர். நல்ல கிளாஸ்-டி ஆம்ப் 500 வாட்ஸ் ஆர்எம்எஸ் முழுதாகக் கொடுக்கும்போது பேட்டரிப் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 45 ஆம்பியர் இழுக்கும். சாதாரண ஹெட்லைட் பல்பு ஒன்றுக்கு 5 ஆம்பியர் போதும். ஒன்பது ஹெட்லைட்டின் மின்சாரம் ஒரே ஒயரில், இன்ஜின் அறையிலிருந்து டிக்கி வரை, நான்கைந்து மீட்டர் ஓடுகிறது. இதற்கு 4 கேஜ் தடிமனில் முழுச் செம்பு ஒயர் வேண்டும். கடைகளில் கிட்டாக விற்கும் மலிவு ஒயர்கள் பல, அலுமினியக் கம்பியின் மேல் செம்பு முலாம் பூசியவை. அதே தடிமனில் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்கு கூட அவை கடத்தாது, சூடாகும். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியம். சில ஒயர்களில் பிளாஸ்டிக் உறைதான் தடிமன், உள்ளே கம்பி கொஞ்சமே. வெட்டிய முனையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஒயர் நல்லதாக இருந்தாலும் ஃபியூஸ் இடம் தவறினால் பயனில்லை. "ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கு சார்" என்பார்கள். அந்த ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்றுவதற்கு. ஒயரைக் காப்பாற்றும் ஃபியூஸ் பேட்டரியின் பக்கத்தில், 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். காரணம் எளிது. காரின் இரும்பு உடல் முழுவதும் நெகட்டிவ். பாசிட்டிவ் ஒயர் இன்ஜின் அறையிலிருந்து உள்ளே நுழையும் துளையின் விளிம்பில் உரசி உரசி உறை கிழிந்தால், ஒயர் நேராக உடலைத் தொடும். பேட்டரி அந்த நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஆம்பில் இருக்கும் ஃபியூஸ் அந்த இடத்துக்கு அப்பால் இருப்பதால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஒயர் சிவந்து மேட் பற்றிக்கொள்ளும். பேட்டரி அருகில் ஃபியூஸ் இருந்தால் அது மட்டும் எரிந்து எல்லாம் நின்றுவிடும். சில நூறு ரூபாய்ப் பொருள் இது. துளையில் ரப்பர் கிராமெட் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் மாட்டுவதையும், செம்பு இழையைச் சுற்றி ஓட்டுவதையும் எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். ஃபியூஸ் போவது எங்கோ கோளாறு இருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. ஓடும்போது எரிந்த வாடை வந்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கித் தள்ளி நின்று 112-ஐ அழையுங்கள். புகை வரும் பானெட்டை முழுதாகத் திறந்தால் உள்ளே போகும் காற்று தீயைக் கிளப்பிவிடும்.

ஒயரிங்கில் இன்னொன்று: கம்பெனி ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவது. இன்றைய கார்களில் ஸ்டீரியோவுக்குப் பின்னால் போகும் ஒயர்களில் வண்டியின் மற்ற மின்னணுப் பகுதிகள் பேசிக்கொள்ளும் தடமும் இருக்கலாம். உங்கள் மாடலுக்கான கப்ளர் கிடைக்கும். வெட்டாமல் மாட்ட அதைக் கேளுங்கள். நாளை கழற்றிப் பழையபடி வைக்கவும் வசதி. முன்கண்ணாடி ஓரத் தூண்களில் ட்வீட்டர் பொருத்துபவர்கள், கர்டன் ஏர்பேக் இருக்கும் வண்டியில் அங்கே கை வைக்கவே வேண்டாம். ஊஃபர் பெட்டியை டிக்கியின் தரையோடு போல்ட் போட்டோ பெல்ட் கட்டியோ இறுக்குங்கள். இருபது கிலோ மரப்பெட்டி விபத்தில் பின்சீட்டில் இருக்கும் குழந்தையின் முதுகை நோக்கித்தான் பாயும். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் உள்ள வண்டியில் அதன் அருகே ஆம்ப் ஒயரிங்கே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஸ்பீக்கர் மாற்றுவது அடிப்படை மாற்றம் ஆகாது. ஆனால் ஊஃபர் பெட்டிக்காகப் பின்சீட்டைக் கழற்றினால் ஆர்சி புத்தகத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கையோடு வண்டி பொருந்தாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டவிரோத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சத்தத்துக்குத் தனி விதி உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல் என்று வரையறுக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம்.

விதியைவிட எனக்குக் காது பெரிது. 85 டெசிபெலை ஒரு நாளில் 8 மணி நேரம் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்; 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான். கண்ணாடி ஏற்றிய காருக்குள் 100-ஐத் தொடுவது கடினமே இல்லை. இறங்கிய பிறகு காதில் ரீங்காரம் கேட்டால் அது காது பாதிக்கப்பட்டதற்கான அறிகுறி. உள்காது நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

காகிதங்களுக்கு வருவோம். புதுக் கார் டெலிவரியின்போது "அக்சஸரீஸ் பேக்கேஜ் எடுத்தால்தான் வண்டி" என்று ஷோரூம் சொன்னால், ஒன்றை வாங்க இன்னொன்றை வாங்கக் கட்டாயப்படுத்துவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தடுக்கப்பட்ட வணிக முறை. மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஷோரூமில் மியூசிக் சிஸ்டம் போட்டாலும், அது கார் கம்பெனியின் அக்சஸரியா, வெளியே வாங்கிப் பொருத்தியதா என்று எழுத்தில் கேளுங்கள். பின்னாளில் வாரண்டி மறுக்கப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மறுத்தால், எந்த ஒயர் எந்தப் பழுதுக்குக் காரணம் என்று சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் விளக்கம் வாங்குங்கள். "ஆம்ப் போட்டதால் வாரண்டி கிடையாது" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

இன்ஷூரன்ஸில் கூடுதல் மின்னணுப் பொருட்களுக்குத் தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் வசதி இருக்கிறது. பில் நகலோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி பாலிசியில் ஏற்றுங்கள். சொல்லாமல் விட்டால் திருடுபோன ஆம்புக்குப் பணம் கிடைக்காது. தீ விபத்தில் வண்டியின் க்ளெய்மே சிக்கலாகலாம். க்ளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் திருப்தியான பதில் வராவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்தை அணுகலாம், சென்னையிலும் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

"பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தரேன்" என்று கடைக்காரர் சொல்லும்போது, அந்தச் சிறு தொகைக்கு நம் உரிமை முழுவதையும் விற்றுவிடுகிறோம். பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிகம். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. பில்லில் மாடல் எண், சீரியல் எண், ஒயரின் கேஜ், பொருத்திய கூலி எல்லாம் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பொருத்தியது தவறென்றால் அது சேவைக் குறைபாடு. கூலி எழுதியிருந்தால் நிரூபிப்பது எளிது. வெளிநாட்டுப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, புகார் தொடர்பு எண் அச்சிட்டிருக்க வேண்டும். அவை இல்லாத பெட்டி என்றால் போலிச் சரக்கோ என்று சந்தேகியுங்கள்.

பேச்சில் தீரவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பொருளில் குறை என்று நீங்கள் சொன்னால், ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க முடியும். அதனால்தான் சொல்கிறேன்: எரிந்த ஒயரையும் உருகிய ஃபியூஸ் பெட்டியையும் "மாத்தித் தரேன், கொடுங்க" என்று கேட்கும் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள், ஒரு கவரில் போட்டு ஒட்டித் தேதி எழுதி வையுங்கள், புகாரை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்புங்கள்.