மெல்வினையும் வல்வினையும்

ஜேர்மன் மொழி கற்கப் புகுவோர் பெரும்பாலும் இறந்தகாலத்திலேதான் இடறுவர். ‘ஸாகன்’ என்பது சொல்லுதல். அதனோடு ‘டெ’ சேர, ‘ஸாக்டெ’ என இறந்தகாலம் ஆகிறது. ‘ஸிங்கன்’ என்பது பாடுதல். அதுவோ எதனையும் வேண்டாது தன் உயிரொலியை மாற்றி ‘ஸாங்’ என நிற்கிறது. புறத்துணை வேண்டாத பின்னையதை வலியது என்றும், துணை வேண்டும் முன்னையதை மெலியது என்றும் 1819இல் பெயரிட்டவர் யாக்கோப் கிரிம். குழந்தைக் கதைகள் தொகுத்த சகோதரருள் மூத்தவர் இவரே.

இப்பெயர்கள் தமிழுக்கும் வந்தன. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் கிரவுல் 1855இல் வெளியிட்ட தமிழிலக்கணச் சுருக்கம் வினைகளை வகுத்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதி வினைகளுக்கு இட்ட எண்களும் அவர் பகுப்பைத் தழுவியவையே. நன்னூலில் இப்பாகுபாடு இல்லை. கால இடைநிலைகளைக் கூறுவதோடு அது அமைகிறது.

பெயர் ஒன்றாயினும் தொழில் வேறு. தமிழில் வலிமை உயிர் மாற்றத்தில் இல்லை. வல்லெழுத்து இரட்டித்தலில் இருக்கிறது. கல்முனைக் கடற்கரையில் கரைவலை இழுத்தபின், ‘மடி கிழிந்தது’ என்று ஒருவர் கூறினால் குற்றம் யார்மீதும் இல்லை. பாறையோ, மீனின் பாரமோ காரணமாகலாம். ‘மடியைக் கிழித்தான்’ என்றாலோ ஓர் ஆளைச் சுட்டியாயிற்று. வலைக்குரியவர் நட்டத்தை யாரிடம் கேட்பது என்பதும் தெரிந்துவிடும். கிழிகிறது, கிழியும் என்பன மெல்வினை. கிழிக்கிறான், கிழிப்பான் என்பன வல்வினை. ஆயினும், வல்வினையெல்லாம் பிறிதொன்றைத் தாக்குவன என்று கொள்ளலாகாது. நடத்தலும் இருத்தலும் வல்வினைகள்; எழுதுதலோ மெல்வினை.

இறந்தகாலத்தை மட்டும் நம்புவோர் ஏமாறுவர். அறிந்தான், நடந்தான் இரண்டும் ஒரே சாயல். எதிர்காலத்தில்தான் அறிவான், நடப்பான் எனப் பிரிகின்றன. உண்பான், காண்பான் என ஒற்றைப் பகரம் பெறுவன இடைவினை எனப்படும்.

ஜேர்மன் வல்வினைக்கு உண்மையில் அண்மையில் நிற்பவை தமிழின் சில பழஞ்சொற்களே: காண் கண்டான், வா வந்தான், நோ நொந்தான். இவற்றில் நெடில் குறுகுகிறது. ‘சா’ என்பதோ ‘செத்தான்’ என உயிரையே மாற்றிக்கொள்கிறது.

புதுவரவுகளின் போக்கும் கருதத்தக்கது. ஜேர்மனில் புதிதாகப் பிறக்கும் வினைகள் மெல்வினைகளாகவே பிறக்கின்றன. ‘கூகிள்’ என்னும் பெயரால் வந்த வினையும் ‘கூகெல்டெ’ என்றே இறந்தகாலம் கொள்கிறது. கல்முனை முஸ்லிம்களின் வழக்கில் அறபுப் பெயர்ச்சொல் தானே காலங் காட்டுவதில்லை. தமிழ் வினையைத் துணைகொள்கிறது. ‘துஆச் செய்தார்’ என்பதில் மெல்வினை. ‘நிய்யத்து வைத்தார்’ என்பதில் வல்வினை. இறப்பைக் கூறும் ‘மௌத்தானார்’ என்பதிலோ அறபும் தமிழும் பிரித்தறிய இயலாதவாறு ஒரே சொல்லாக ஒலிக்கின்றன.