அருவி இரைச்சலில் தூங்கலாம்... ஃபேன் சத்தத்தில் முடியுமா? குட்டி டெஸ்க்டாப்புக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு எது?

குற்றாலத்தில் ஆனி, ஆடி மாதங்களில் தங்கியவர்களுக்குத் தெரியும். இரவு முழுக்க அருவி இரைந்துகொண்டே இருக்கும். ஆனாலும் நிம்மதியாகத் தூக்கம் வரும். அதே அறையில் ஒரே ஒரு கொசு காதருகே ரீங்காரமிட்டால் போதும், தூக்கம் போய்விடும். அருவியின் இரைச்சல் ஏறாமல் இறங்காமல் சீராக வருவது. கொசுவின் ஒலி ஒரே சுருதியில் குத்துவது. ஆக, சத்தத்தின் அளவு மட்டுமல்ல, அதன் தன்மையும் முக்கியம். சின்ன கேபினட்டுக்குள் திணித்த கிராபிக்ஸ் கார்டு எழுப்பும் சத்தம் பெரும்பாலும் கொசு வகைதான்.

தென்காசிப் பக்கம் இது இன்று பல வீடுகளின் பிரச்னை. 2011-ல் ஜோஹோ நிறுவனம் தென்காசியில் ஒரு சிறிய அலுவலகத்தைத் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பின்னர் பக்கத்திலுள்ள மத்தளம்பாறை கிராமத்துக்கே குடிவந்தார். கொரோனா காலமோ, வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை எல்லா ஊருக்கும் பழக்கிவிட்டது. வீடியோ எடிட்டிங், 3டி அனிமேஷன், கட்டட வடிவமைப்பு என்று சென்னைக்குப் போகாமலே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

ஆனால், அந்த வேலைக்கான கம்ப்யூட்டருக்குத் தனி அறை ஒதுக்க எல்லா வீட்டிலும் இடமிருக்காது. ஹாலின் மூலையில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு குட்டி டெஸ்க்டாப். அதே ஹாலில்தான் பாட்டி படுத்திருப்பார், பிள்ளைகள் தூங்குவார்கள். இரவு 11 மணிக்கு ரெண்டரிங் ஓடத் தொடங்கியதும் ஃபேன் 'உய்ய்...' என்று சீறும். ''அதை அணைச்சிட்டுப் படுப்பா'' என்று குரல் வரும். வேலை பாதியில் நிற்கும். படுக்கையறையில் இரவில் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று 1999-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்லியிருக்கிறது. அதனால் பாட்டியின் கோபம் நியாயமானதுதான்!

முதலில், கார்டு தேவையா?

சத்தமே போடாத கிராபிக்ஸ் கார்டு, வாங்காத கார்டுதான். டேலி, ஆன்லைன் வகுப்பு, யூடியூப், எளிய 2டி வரைபடம் போன்ற வேலைகளுக்கு பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி, 8600ஜி போன்றவற்றில் அது உண்டு. இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றிலும் உண்டு. பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் மட்டும் அந்த வசதி இருக்காது.

பிளெண்டர், டாவின்சி ரிசால்வ், புதிய 3டி கேம்கள், வீட்டிலேயே ஏ.ஐ. மாடல்களை ஓட்டிப் பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் தனி கார்டு தேவைப்படும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

கார்டு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. 130 வாட் கார்டு முழு வேகத்தில் ஓடினால், கேபினட்டுக்குள் 130 வாட் அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். அந்த வெப்பத்தை உலோகத் தகடுகளுக்குக் கடத்தி, அங்கிருந்து காற்றால் வெளியே தள்ளுவதுதான் ஃபேனின் வேலை.

ஃபேன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே, சத்தம் பாதியானதுபோல நம் காதுக்குத் தோன்றும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்றைத் தள்ளிவிடும். சின்ன ஃபேன் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும். அப்போது வருவதுதான் கொசுச் சத்தம்.

பெரிய கேபினட்டில் மூன்று ஃபேன் வைத்த கார்டைப் போட்டுச் சமாளித்துவிடலாம். குட்டி கேபினட்டில் அதற்கு இடமில்லை. எனவே வெப்பத்தைக் குறைப்பது ஒன்றே வழி. அதாவது, வாட் குறைந்த கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெயரைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள்!

மதர்போர்டில் கார்டு செருகும் இடமே 75 வாட் வரை மின்சாரம் தரும். அதற்குள் அடங்கும் கார்டுக்குத் தனி பவர் ஒயர் தேவையில்லை. அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த குட்டி டெஸ்க்டாப்களை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். அவற்றின் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் 180 முதல் 260 வாட் வரைதான் இருக்கும். பெரிய கார்டுக்கான ஒயரே அதில் இருக்காது.

இந்த வரம்புக்குள் என்னென்ன இருக்கின்றன?

* என்விடியா ஜி.டி. 1030: 30 வாட். 2017-ல் வந்தது. கூடுதல் மானிட்டர் இணைக்கவும் வீடியோ பார்க்கவும் சரி. வீடியோ எக்ஸ்போர்ட்டை வேகப்படுத்தும் என்கோடர் இதில் கிடையாது.
* ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ் 6400: 53 வாட். சின்ன கேம்களுக்கு நல்லது. இதிலும் என்கோடர் இல்லை. பழைய மதர்போர்டில் வேகமும் குறையும்.
* இன்டெல் ஆர்க் ஏ380: 75 வாட். வீடியோ எக்ஸ்போர்ட்டுக்குக் கெட்டிக்காரன். ஆனால், பழைய மதர்போர்டில் முழுத் திறனைக் காட்டாது. சில மாடல்கள் தனி பவர் ஒயரும் கேட்கும்.
* என்விடியா ஆர்.டி.எக்ஸ் 3050, 6 ஜி.பி.: 70 வாட். 2024 பிப்ரவரியில் வந்தது. எடிட்டிங், 3டி, கேம் என்று எல்லாவற்றுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும்.

கடைசி கார்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. இதே 3050 என்ற பெயரில், 2022-ல் வந்த 8 ஜி.பி. கார்டு எடுப்பது 130 வாட். பெயர் ஒன்று, வெப்பம் கிட்டத்தட்ட இரு மடங்கு! ''3050 குடுங்க'' என்று மட்டும் சொல்லி வாங்கிவந்தால் எஸ்.எம்.பி.எஸ். தாங்காமல் போகலாம். பெட்டியில் '6 ஜி.பி.' என்று இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

வாட் குறைந்தால் மின்கட்டணமும் குறையும். 60 வாட் வித்தியாசம், தினமும் 6 மணி நேரம் முழு வேகம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாத பில்லில் 21 யூனிட்டுக்கு மேல் மிச்சம். கரன்ட் போனால் யு.பி.எஸ்-ஸும் கூடுதல் நேரம் தாங்கும்.

சாரலுக்கு வாங்காதீர்கள், சித்திரைக்கு வாங்குங்கள்!

கார்டின் சூடு என்பது அறையின் சூட்டோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியது. சாரல் காலத்தில் அறை 26 டிகிரி இருக்கும்போது கார்டு 65 டிகிரியில் ஓடினால், சித்திரை, வைகாசியில் அறை 36 டிகிரிக்குப் போகும்போது அதே கார்டு 75 டிகிரியைத் தொடப் பார்க்கும். அதைத் தடுக்க ஃபேன் வேகமெடுக்கும். ஜூலையில் சத்தமே இல்லாத கம்ப்யூட்டர் மே மாதத்தில் கத்துவது இதனால்தான். தென்காசியில் வாங்குபவர்கள் ஜில்லென்ற சீசன் காற்றை நம்பி 'இது போதும்' என்று முடிவுசெய்யக் கூடாது.

சாரலுக்கும் தனிக் குணம் உண்டு. ஜன்னல் வழியே வரும் ஈரக்காற்றில் தூசி பிசுபிசுப்பாகித் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டம் குறைந்தால் ஃபேன் வேகம் கூடும். கம்ப்யூட்டரை ஜன்னலோரம் வைக்காமல், சீசனுக்கு முன்பும் பின்பும் தூசி தட்டினாலே சத்தம் குறையும்.

ஃபேனே இல்லாத கார்டு வாங்கலாமா?

ஜி.டி. 1030-ல் ஃபேன் இல்லாத மாடல்கள் உண்டு. பாலிட் நிறுவனத்தின் கால்ம்எக்ஸ் வரிசையில் இன்னும் திறன் கூடிய கார்டுகளும் வந்திருக்கின்றன. ஆனால், இவற்றில் தகடுகள் பெரிதாக இருக்கும். மெல்லிய கேபினட்டில் நுழையாது. கேபினட்டில் மெதுவாகச் சுற்றும் ஒரு ஃபேனாவது காற்றைத் தள்ளாவிட்டால் சூடு உள்ளேயே தங்கி, கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும்.

நம் ஊர் வெயிலுக்கு நடுவழிதான் நல்லது. வேலை இல்லாதபோது தானாக ஃபேனை நிறுத்திவிடும் வசதியுள்ள, இரட்டை ஃபேன் கார்டுகள் கிடைக்கின்றன. அதில் ஒன்று உங்கள் கேபினட்டில் நுழையும் என்றால் அதையே எடுக்கலாம்.

ஏற்கெனவே வாங்கிய கார்டு கத்துகிறதா? எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் 'பவர் லிமிட்' 80 சதவிகிதம் என்று வைத்துப் பாருங்கள். பல கார்டுகளில் இது வேலை செய்யும். வெப்பம் குறையும் அளவுக்கு வேகம் குறையாது. ரெண்டரிங் சில நிமிடங்கள் தாமதமாக முடியும், அவ்வளவுதான்.

கடைக்குப் போகும் முன்...

1. கேபினட்டைத் திறந்து, கார்டுக்கான நீளம், உயரம், தடிமன் மூன்றையும் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். மெல்லிய கேபினட்டுக்கு 'லோ புரொஃபைல்' கார்டு வேண்டும். அதன் உயரம் சுமார் 69 மில்லிமீட்டர்.
2. லோ புரொஃபைல் கார்டு என்றால், குட்டைத் தகடு பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள்.
3. எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
4. உங்கள் மதர்போர்டு மாடலைச் சொல்லி, அதில் இந்த கார்டு முழுத் திறனில் ஓடுமா என்று கேளுங்கள்.
5. முடிந்தால் கடையில் 10 நிமிடம் முழு லோடில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெறும் டெஸ்க்டாப் திரையில் எல்லா கார்டும் அமைதியாகத்தான் இருக்கும்.
6. ஆன்லைனில் வாங்கினால், 'சத்தம் அதிகம்' என்ற காரணத்துக்குத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்பே படித்துவிடுங்கள்.

திருநெல்வேலிக்கோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ போய்த் தவறான கார்டை வாங்கிவந்தால், மாற்றுவதற்கு இன்னொரு நாள் வேலை கெடும். அதற்கு முன் வீட்டில் அரை மணி நேரம் அளவெடுத்துக்கொண்டால், இரவு வேலையும் நடக்கும், பாட்டியும் தூங்குவார்.