எட்டு மாதத்தில் ஆட்டம் கண்ட முடிவு

அந்தமான் பழங்குடியினர் யார்? 2005 மே மாதம் 'சயின்ஸ்' இதழில் ஹைதராபாத் விஞ்ஞானி கே. தங்கராஜ் குழு பதில் சொன்னது. ஓங்கி, கிரேட் அந்தமானியர் ஆகியோரின் தாய்வழி டி.என்.ஏ.வில் அதுவரை வேறெவரிடமும் காணாத மாற்றங்கள். ஆகவே, ஆப்பிரிக்காவிலிருந்து முதலில் கிளம்பியவர்களின் வாரிசுகள். குடியேறிய நாள் முதல் தனித்தே வாழ்ந்தவர்கள் என்றது கட்டுரை. பத்திரிகைகளுக்கு நல்ல தீனி.

2006 ஜனவரியில் அதே இதழில் எம்.ஜி. பழனிச்சாமி குழுவின் மறுப்பு: அந்த இரு மரபுக்கிளைகளில் ஒன்று பெருநிலத்தின் ராஜ்பன்சி சமூகத்தினர் இருவரிடமும் இருக்கிறது!

ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்) புதுவைப் பல்கலைக்கழகம் நடத்தும் முதுகலை வகுப்பானாலும் சரி, சென்னை வகுப்பானாலும் சரி, ஆய்வுக் கட்டுரையை முன்வைக்கும் மாணவருக்கு இது நல்ல பாடம். சுருக்கத்தை ஒப்பிப்பது வாசிப்பாகாது. எத்தனை பேரைச் சோதித்தார்கள்? யாருடன் ஒப்பிட்டார்கள்? 'வேறெங்கும் இல்லை' என்றால் தேடிய இடத்தில் இல்லை என்றே பொருள்.

மறுப்பையும் இதே கண்ணால் படிக்க வேண்டும். 'எங்கும் இல்லை' என்பதை முறிக்க இருவர் போதும். யார், எப்போது வந்தார்கள் என்று சொல்ல இருவர் போதாது.

கட்டுரைக்கு மறுப்பு வந்துவிடும். நூற்றுச் சொச்சம் பேரே உள்ள ஓங்கிகள் மீது ஒட்டிய 'ஆதி மனிதனின் மிச்சம்' என்ற முத்திரைதான் எளிதில் உரியாது.